முத்துக்கு எத்தனை கைகள்?

தூத்துக்குடிப் பக்கம் கிளிஞ்சலையும் சிப்பி ஓட்டையும் காளவாசலில் சுட்டு, நீர் தெளித்து, வெற்றிலைக்கும் சுவருக்கும் சுண்ணாம்பு எடுப்பது பழைய தொழில். அந்தக் காளவாசலில் கைதவறி ஒரு நல்முத்து விழுந்துவிட்டால் அதுவும் சுண்ணாம்பாகத்தான் வெளியே வரும். வேதியியல் ஆய்வகத்தில் ஓட்டையும் முத்தையும் தனித்தனியாகக் கொடுத்துப் பாருங்கள். இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே சீட்டுதான் எழுதித் தருவார்கள்: நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு போல கால்சியம் கார்பனேட், மிச்சம் கொஞ்சம் உயிர்ப்பொருள்.

சரக்கு ஒன்று, கடல்நீர் ஒன்று, பிராணியும் ஒன்று. ஆனால் ஓட்டின் வெளிப்பக்கம் கையைக் கிழிக்கும் சொரசொரப்பு. உள்பக்கம் வானவில் ஓடும் பளபளப்பு. அந்தப் பளபளப்பே உருண்டு திரண்டால் கழுத்தில் ஏறுகிறது. ஒரே சுண்ணாம்பை வைத்துக்கொண்டு ஒரு சிப்பி இரண்டு விதமாக எப்படிக் கட்டுகிறது?

விடை அந்த மிச்சம் ஐந்து பங்குக்குள் இருக்கிறது. அங்கே போய்ச் சேர நுண்ணோக்கி மட்டும் போதாது. ஒழுங்காக எழுதிய கணக்குப் புத்தகம் வேண்டும். இந்த அத்தியாயம் பெரும்பாலும் அந்தக் கணக்குப் புத்தகத்தைப் பற்றியது.

விதையைத் தேடியவர்கள்

சுவாதி நட்சத்திரத்தில் பெய்யும் மழைத்துளி, வாய் திறந்த சிப்பிக்குள் விழுந்து முத்தாகிறது என்று பாட்டிமார் சொன்னார்கள். மணல்துகள் உள்ளே போய் உறுத்த, சிப்பி அதைப் பூசி மெழுகி முத்தாக்குகிறது என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். இரண்டாவது கதையும் முதல் கதைக்குத் தங்கைதான். மணல் அலைந்துகொண்டேயிருக்கும் கடலடியில் காலம் தள்ளும் பிராணிக்கு ஒரு மணலைத் துப்பவா தெரியாது?

1902-ல் இலங்கை அரசு, லிவர்பூலில் பேராசிரியராக இருந்த வில்லியம் ஹெர்ட்மனை மன்னார் வளைகுடாவுக்கு வரவழைத்தது. முத்துக்குளிப்பு ஏன் சில ஆண்டு கொழிக்கிறது, சிப்பி படியும் கடலடித் திட்டான பார் ஏன் பல ஆண்டு வெறுமையாகக் கிடக்கிறது என்று கண்டு சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. உடன் வந்த ஜேம்ஸ் ஹார்னெல் பின்னாளில் சென்னை மாகாண மீன்வளத் துறைக்கு வந்து நம் கரையின் சங்குக்குளிப்பு, முத்துக்குளிப்பு பற்றி நிறைய எழுதினார். ஹெர்ட்மனின் ஐந்து தொகுதி அறிக்கை, நல்ல முத்துகளின் நடுவில் ஒரு நாடாப்புழுவின் குட்டி இருப்பதாகச் சொன்னது. மழைத்துளி போய்ப் புழு வந்தது. கேள்வி மட்டும் மாறவில்லை. எல்லோரும் விதை எது என்றே கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

விதை பெரிய விஷயமில்லை என்பது தூத்துக்குடியிலேயே கண்ணெதிரே தெரிந்தது. 1955-ல் தொடங்கி 1961 வரை நடந்த குளிப்புதான் நம் பக்கத்துப் பார்களில் நடந்த கடைசி முத்துக்குளிப்பு. அதற்குப் பிறகு 1973-ல், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் கே. அழகர்சுவாமியும் அவருடைய குழுவினரும் தூத்துக்குடியை அடுத்த வேப்பலோடையில் இந்தியாவின் முதல் உருண்டை வளர்ப்பு முத்துகளை எடுத்தார்கள். செய்முறை ஜப்பானியர் கண்டது. ஓட்டிலிருந்து கடைந்த ஒரு மணியையும், வேறொரு சிப்பியிலிருந்து வெட்டிய இரண்டு மூன்று மில்லிமீட்டர் சதைத் துண்டையும் சேர்த்து உள்ளே வைப்பார்கள். மணியை மட்டும் வைத்தால் முத்து இல்லை. சதையை மட்டும் வைத்தாலோ, கோணல்மாணலாகவேனும் ஒரு முத்து வரும்.

ஆக, கட்டுகிற ஆள் அந்தச் சதையில் இருக்கிறார்.

ஓரத்தை வெட்டி எறிவது ஏன்?

ஓட்டின் உள்பக்கத்தை ஒட்டி மெல்லிய போர்வை போல விரிந்திருக்கும் சதைதான் அது. விலங்கியல் புத்தகங்கள் மேண்டில் என்னும்; இங்கே போர்வைச்சதை என்றே வைத்துக்கொள்வோம். முத்து வளர்க்கும் கூடத்தில் இதை நறுக்குவதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். நீளவாக்கில் ஒரு பட்டையாக எடுப்பார்கள். வெளியோரத்து நிறமேறிய விளிம்பைச் சீவித் தள்ளுவார்கள். உள்பக்கத்துத் தடித்த தசையையும் நீக்குவார்கள். நடுவில் நிற்கும் ஒடுங்கிய கீற்றைத்தான் சிறு சதுரங்களாக அரிவார்கள். இவ்வளவு சிறிய பொருளில் ஏன் இவ்வளவு பாகுபாடு?

காரணம், போர்வைச்சதையில் இடத்துக்கு இடம் வேலை வேறு. வெளி விளிம்பு ஓட்டின் வெளி அடுக்கைக் கட்டுகிறது. அங்கே சுண்ணாம்பு நெட்டுக்குத்தாகத் தூண் தூணாக நிற்கும். தூண் அடுக்கு என்போம். அதில் இருப்பது கால்சைட் என்ற படிக வடிவம். நடுப்பகுதி உள் அடுக்கைக் கட்டுகிறது. அங்கே சுண்ணாம்பு அரகோனைட் என்ற இன்னொரு வடிவத்தில், அரை மைக்ரோமீட்டர் கனமுள்ள தகடுகளாக அடுக்கப்பட்டிருக்கும். ஒரு மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய இரண்டாயிரம் தகடு. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளமும் ஏறக்குறைய இதே அளவு என்பதால்தான் அங்கே நிறங்கள் விளையாடுகின்றன. இதை முத்தடுக்கு என்போம். முத்து என்பது முழுக்க முத்தடுக்கு. விளிம்புச் சதை கலந்துவிட்டால் மணிமேல் தூண் அடுக்கும் ஏறக்கூடும், மினுமினுப்பு கெடும்.

இந்த இடத்தில் கேள்வி கூர்மையாகிறது. ஒரே போர்வையின் இரண்டு இடங்கள் வெவ்வேறு படிகம் வளர்க்கின்றன என்றால், அங்கே சுரக்கும் புரதங்கள் வேறாக இருக்க வேண்டும். எவை அவை?

ஒவ்வொருவராகப் பிடித்த காலம்

ஜப்பானிய ஆய்வாளர்கள் ஓட்டைக் கரைத்துக் கரைத்து, மிஞ்சிய புரதங்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். 1996-ல் நாக்ரின் கிடைத்தது. அதன் ஒரு பகுதி, கரைந்த கரியமில வாயுவைப் பைகார்பனேட்டாக மாற்றும் நொதி, அதாவது சரக்கு வழங்கும் ஆள். 1997-ல் எம்எஸ்ஐ-60, எம்எஸ்ஐ-31 என்று இரண்டு சட்டகப் புரதங்கள். முதலாவது முத்தடுக்கில் இருப்பது, பட்டு நூலின் சாயல் கொண்டது; இரண்டாவது தூண் அடுக்கில். பிறகு என்-16, ஆஸ்பீன், பிரிஸ்மலின்-14.

ஆஸ்பீன் செய்யும் வேலை ரசமானது. கடல்நீரைப் போல மக்னீசியம் கலந்த நீரில் சுண்ணாம்பு தானாகப் படிந்தால் அரகோனைட்டாகவே படியும். அதில் ஆஸ்பீனைச் சேர்த்தால் கால்சைட் வருகிறது. தூண் அடுக்கு கால்சைட்டாக இருப்பதற்கு நல்ல காரணம் கிடைத்துவிட்டது.

2009-ல் பிஃப் என்ற புரதம் வந்தது. உடலுக்குள் இது ஒரே நீளப் புரதமாகத் தயாராகி, பிறகு இரண்டாக வெட்டப்படுகிறது: பிஃப்-97, பிஃப்-80. முதல் துண்டு கைட்டினைப் பிடிக்கும். இறால் ஓட்டில் இருக்கும் அதே கைட்டின்தான். முத்தடுக்கின் தகடுகளுக்கு நடுவே விரிப்பு போலக் கிடக்கிறது. இரண்டாவது துண்டு அரகோனைட்டைப் பிடிக்கும். பிஃப் உருவாகாமல் தடுத்தபோது சிப்பியின் உள் அடுக்கு தாறுமாறாக வளர்ந்தது.

அன்றைக்கு முத்து செய்யும் புரதம் கிடைத்துவிட்டது என்று சொல்லத் தோன்றியிருக்கும். ஆனால் பிஃப் தனியாக எதையும் செய்வதில்லை. ஒரு பக்கம் கைட்டினும் மறுபக்கம் படிகமும் இருந்தால்தான் அதற்கு வேலை. அரகோனைட்டோடு ஒட்டிக்கொண்டு கிடைத்த புரதக் கூட்டில் என்-16 என்பதும் இருந்தது. எந்தப் புரதம் என்று கேட்டு வந்தவர்கள், எது எதைத் தொடுகிறது என்று கேட்க வேண்டியதாயிற்று. 2012-ல் ஒகினாவாவிலிருந்து முத்துச்சிப்பியின் மரபணுத் தொகை வெளியானபோது நிலைமை இன்னும் பெருத்தது. சுமார் 115 கோடி எழுத்து, அதில் 23,000 அளவுக்கு மரபணுக்கள். ஆறேழு புரதங்களின் உறவை மனத்தில் வைத்துக்கொள்ளலாம். ஆயிரங்களின் உறவை யாராலும் முடியாது.

ஊரெல்லாம் பர்னாந்து

எழுதி வைப்பதுதான் வழி. எப்படி எழுதுவது என்பதில்தான் சூட்சுமம்.

தூத்துக்குடிக் கோயில் பதிவேடு ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். ஞானஸ்நானத்துக்கு ஒரு புத்தகம், திருமணத்துக்கு ஒன்று, அடக்கத்துக்கு ஒன்று. இந்தக் கரையில் பர்னாந்து என்ற குடும்பப் பெயர் தெருவுக்குத் தெரு உண்டு. அந்தோணி பர்னாந்து என்று திருமணப் புத்தகத்தில் எழுதினால் எந்த அந்தோணி? ஒரு எழுத்தர் பர்னாந்து என்பார், அடுத்தவர் பெர்னாண்டோ என்பார். ஆள் ஒன்றா இரண்டா? முதல் புத்தகத்தில் ஒவ்வொருவருக்கும் மாறாத எண் ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்ற புத்தகங்களில் எண்ணை மட்டும் எழுதினால் குழப்பம் தீர்ந்தது. திருமண வரிசையில் 412-க்கும் 530-க்கும் என்று இருந்தால் போதும். பெற்றோர் யார், எந்தத் தெரு என்பதையெல்லாம் முதல் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளலாம். தெருப் பெயர் மாறினால் ஓரிடத்தில் திருத்தினால் எல்லா இடத்திலும் திருந்திவிடும்.

உறவுசார் தரவுத்தளம் என்பது இதுதான். ஐபிஎம் நிறுவனத்தின் எட்கர் காட் 1970-ல் இதற்கு முறையான கணித வடிவம் கொடுத்தார். தகவலைச் சிறுசிறு அட்டவணைகளாகப் பிரி. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு சாவி எண் கொடு. ஒரு செய்தியை ஓரிடத்தில் மட்டும் எழுது. கேள்வி வரும்போது சாவி எண் வழியாக அட்டவணைகளைக் கோத்துக்கொள். வங்கிக் கணக்கு, ரயில் முன்பதிவு, துறைமுகச் சரக்குப் பதிவு என்று எங்கே போனாலும் அடித்தளத்தில் இந்த ஏற்பாடு இருக்கும்.

முத்துச்சிப்பியின் தகவலுக்கு இது எவ்வளவு தேவை என்பது அதை எழுத உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். என்-16 என்று ஒரு கூட்டத்தார் அழைத்த புரதத்தின் குடும்பத்தையே இன்னொரு கூட்டத்தார் பெர்லின் என்றார்கள். பிஃப் என்று கட்டுரையில் இருந்தால் முழுப் புரதமா, 97-ஆ, 80-ஆ? சிப்பியின் பெயரே நிலையில்லை. ஹெர்ட்மன் மார்கரிட்டிஃபெரா வல்காரிஸ் என்று எழுதியதைத்தான் இன்று பிங்க்டாடா ஃபுகாட்டா என்கிறோம். ஜப்பானின் அகோயா சிப்பியைச் சிலர் இதே பெயரில் எழுதுகிறார்கள், சிலர் மார்டென்சி என்கிறார்கள். பெயரை நம்பித் தேடினால் பாதித் தகவல் கைக்கு வராது. சாவி எண்ணுக்குப் பக்கத்தில் மறுபெயர் அட்டவணை ஒன்று தனியாக இருந்தே ஆக வேண்டும்.

நாமே ஒன்று கட்டுவோம்

சின்னதாக ஒரு தரவுத்தளம் போடுவோம். தாளும் பேனாவும் போதும்.

முதல் அட்டவணை, பொருள்கள். எட்டுப் புரதம்: பிஃப்-97, பிஃப்-80, என்-16, எம்எஸ்ஐ-60, நாக்ரின், பிரிஸ்மலின்-14, ஆஸ்பீன், எம்எஸ்ஐ-31. அவற்றோடு புரதமல்லாத மூன்று: கைட்டின், அரகோனைட், கால்சைட். ஆக 11. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்.

இரண்டாம் அட்டவணை, தொடுதல்கள். ஒரு வரிசைக்கு ஒரு ஜோடி. பிஃப்-97 கைட்டினைப் பிடிக்கிறது. பிஃப்-80 அரகோனைட்டைப் பிடிக்கிறது. பிஃப்-97-ம் பிஃப்-80-ம் ஒரே கூட்டில் இருக்கின்றன. பிஃப்-80-ம் என்-16-ம் அதே கூட்டில். பிரிஸ்மலின்-14-ன் ஒரு பகுதி கைட்டினைப் பிடிக்கிறது. இன்னொரு பகுதி சுண்ணாம்புப் படிகத்தைப் பிடிக்கிறது, அது கால்சைட். ஆஸ்பீன் கால்சைட்டை வரவழைக்கிறது. ஏழு வரிசை.

மூன்றாம் அட்டவணை, இடம். பிஃப், என்-16, எம்எஸ்ஐ-60 ஆகியவை போர்வைச்சதையின் நடுப்பகுதியில். பிரிஸ்மலின்-14, ஆஸ்பீன், எம்எஸ்ஐ-31 விளிம்பில். நாக்ரின் இரண்டிலும்.

இப்போது இரண்டாம் அட்டவணையைப் படமாக்குங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு புள்ளி. அதைக் கணு என்போம். ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு கோடு, இணைப்பு. கணுக்களும் இணைப்புகளும் சேர்ந்தது வலையமைப்பு. அட்டவணையில் இல்லாத எதுவும் படத்தில் இல்லை, ஆனால் அட்டவணையில் கண்ணுக்குப் படாத சில இங்கே தெரியும். பிஃப்-80-ஐ மூன்று கோடு தொடுகிறது. வேறெதற்கும் இரண்டுக்கு மேல் இல்லை. இந்தச் சிறு ஊரில் சந்தி அதுதான். எம்எஸ்ஐ-60, எம்எஸ்ஐ-31, நாக்ரின் மூன்றும் ஒரு கோடும் இல்லாமல் தனியே நிற்கின்றன.

நாக்ரின் தனியே நிற்பதைப் பார்த்து அது வேண்டாத ஆள் என்று முடிவுகட்டினால் தப்பு. சரக்கு வழங்குவதே அது. பிடித்துக்கொள்வதை மட்டும் எழுதும் அட்டவணையில், வழங்குவதற்கு வரிசை கிடையாது. நாம் எந்த உறவை எழுத முடிவு செய்தோமோ அந்த உறவை மட்டுமே படம் காட்டும். தரவுத்தளம் வடிவமைப்பவர் தலைப்புகளைத் தீர்மானிக்கும்போதே பாதி விடையைத் தீர்மானித்துவிடுகிறார். ‘உறவின் வகை’ என்று ஒரு தலைப்பு கூட்டி, பிடித்தல், வெட்டுதல், வழங்குதல், வரவழைத்தல் என்று பிரித்து எழுதியிருந்தால் நாக்ரினும் ஊருக்குள் வந்திருக்கும். ஆஸ்பீனின் வரிசையையும் மற்றவற்றோடு ஒன்றாக எழுதியது கொஞ்சம் துணிச்சல்தான். அது பிடித்தலைக் காட்டிய சோதனை அல்ல, விளைவைக் காட்டிய சோதனை.

படம் சொல்லும் பொய்

படத்தில் விரலை வைத்து ஆஸ்பீனிலிருந்து கிளம்புங்கள். ஆஸ்பீன், கால்சைட், பிரிஸ்மலின்-14, கைட்டின், பிஃப்-97, பிஃப்-80, அரகோனைட். விரலை எடுக்காமல் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குப் போய்விடலாம். தூண் அடுக்கும் முத்தடுக்கும் ஒரே குடும்பம், நடுவில் கைட்டின் என்று ஒரு கட்டுரையே எழுதிவிடலாம் போலிருக்கிறது.

இங்கேதான் மூன்றாம் அட்டவணை உதவிக்கு வருகிறது. தரவுத்தளத்திடம் கேள்வியை மாற்றிக் கேளுங்கள்: கைட்டினைத் தொடும் புரதங்கள் எவை, அவை எங்கே சுரக்கின்றன? இரண்டாம் அட்டவணை பிஃப்-97, பிரிஸ்மலின்-14 என்று இரண்டு பெயர் தரும். அந்த இரண்டு எண்ணையும் எடுத்துக்கொண்டு மூன்றாம் அட்டவணைக்குப் போனால் ஒன்று நடுப்பகுதி, மற்றது விளிம்பு. இரண்டும் கைட்டினைத் தொடுவது உண்மை, ஆனால் ஒரே கைட்டினை அல்ல. முத்தடுக்கின் விரிப்பை ஒன்று, தூண் அடுக்கின் கைட்டினை மற்றது. நாம் இரண்டு பொருளுக்கு ஒரே எண்ணைக் கொடுத்துவிட்டோம். கைட்டின் என்ற கணுவை இடவாரியாக இரண்டாக்கியதும் வலை பட்டென்று இரண்டு துண்டாகிறது. ஒரு துண்டில் பிஃப்-97, பிஃப்-80, என்-16, அரகோனைட், அவற்றின் கைட்டின். மற்றதில் பிரிஸ்மலின்-14, ஆஸ்பீன், கால்சைட், அவற்றின் கைட்டின்.

தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு இதுதான் விடை. ஒரே சரக்கு இரண்டு விதமாக ஆவது இப்படித்தான். சரக்கைப் பிடிக்கும் கைகள் இரண்டு குழுவாகப் பிரிந்து, இரண்டு இடத்தில் நிற்கின்றன. முத்து வளர்ப்பவர் விளிம்பைச் சீவித் தள்ளும்போது இரண்டாவது துண்டை வெளியே எறிகிறார். மரபணு ஒன்றும் தெரியாத காலத்திலேயே கைப்பழக்கமாக வந்த அறிவு அது. நம் மூன்று அட்டவணை அதற்குப் பெயர்களைத் தருகிறது, அவ்வளவே.

மரபணு வலையமைப்புப் படங்களைச் சஞ்சிகைகளில் பார்த்திருப்பீர்கள். ஆயிரக்கணக்கான புள்ளிகளும் கோடுகளும் சிக்கிய வலைக்கண்டம் போல இருக்கும். ஆய்வாளர்களே இதை மயிர்ப்பந்து என்று கிண்டல் செய்வதுண்டு. என்னைக் கேட்டால் அந்தப் படங்களில் பெரும்பாலானவை அலங்காரம். இடம், காலம், திசு என்ற அட்டவணைகளோடு கோத்து வெட்டிய பிறகு மிஞ்சும் சின்னப் படத்தில்தான் சங்கதி இருக்கும்.

சாட்சி யார்?

நம் ஏழு வரிசையும் ஒரே தரமல்ல என்று பார்த்தோம். ஒரு தொடுதலுக்கு எத்தனையோ விதமான சாட்சி உண்டு. இரண்டு புரதத்தையும் கூட்டாகப் பிரித்தெடுத்தது ஒரு விதம். ஈஸ்ட் செல்லுக்குள் இரண்டையும் விட்டு, ஒட்டினால் ஒரு மரபணு விழித்துக்கொள்ளும்படி செய்வது 1989-ல் வந்த உத்தி. வேகமானது, ஆனால் பொய்ச்சாட்சியும் சொல்லும். இரண்டு மரபணுவும் எப்போதும் ஒன்றாகக் கூடிக் குறைகின்றன என்பது மறைமுகச் சாட்சி. ஒரே கட்டுரையில் இரண்டு பெயரும் சேர்ந்து வருகின்றன என்பது ஊர்ப்பேச்சு.

இதனால் நல்ல தரவுத்தளத்தில் நான்காவது அட்டவணை கட்டாயம்: எந்த வரிசைக்கு எந்தக் கட்டுரை, எந்தச் சோதனை. பெங்களூரு உயிர்த்தகவலியல் நிறுவனத்தில் இந்த வேலை பெரிய அளவில் நடந்தது. அகிலேஷ் பாண்டேயின் முன்னெடுப்பில், அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, மனிதப் புரதங்களுக்கான குறிப்புத் தரவுத்தளம் ஒன்றை 2003-ல் வெளியிட்டார்கள். உயிரியல் படித்த இளைஞர்கள் உட்கார்ந்து கட்டுரை கட்டுரையாகப் படித்து, ஒவ்வொரு தொடுதலையும் கையால் எழுதிச் சேர்த்தார்கள். புகழ் குறைந்த, முதுகொடியும் வேலை. அந்த நாட்களில் மனிதப் புரத வலையமைப்பு பற்றி வந்த ஏராளமான ஆய்வுகள் இந்த வரிசைகளின் மேல்தான் நின்றன. சென்னைத் தரமணியில் கணித அறிவியல் நிறுவனம் 2018-ல் வெளியிட்ட இம்பாட் தரவுத்தளமும் இதே ரகம். முதல் பதிப்பில் 1,742 மூலிகைகள்; ஒவ்வொன்றிலும் உள்ள வேதிப்பொருள்கள், பயன்கள், அதற்கு ஆதாரம்.

ஐரோப்பியக் கூட்டு முயற்சியான ஸ்ட்ரிங் தரவுத்தளம் வேறு வழியில் போகிறது. 2023-ல் வந்த அதன் 12-ஆம் பதிப்பில் 12,535 உயிரினங்கள், 5.9 கோடிக்கு மேல் புரதங்கள். கையால் எழுதி மாளாது. அதனால் கிடைக்கும் எல்லா விதச் சாட்சியையும் சேர்த்து, ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு நம்பிக்கை மதிப்பெண் போடுகிறார்கள். கணக்கு எளியது. ஒரு சாட்சி பத்துக்கு ஆறு தடவை சரியாகச் சொல்பவர் என்றால், தவறும் வாய்ப்பு பத்துக்கு நான்கு. தொடர்பில்லாத இன்னொரு சாட்சி பாதிக்குப் பாதி. இருவரும் ஒரே விஷயத்தைச் சொல்கையில் இருவருமே தவறியிருக்கும் வாய்ப்பு, நான்கில் பாதி, அதாவது பத்துக்கு இரண்டு. ஆக நம்பிக்கை பத்துக்கு எட்டு. சில திருத்தங்கள் உண்டு, ஆனால் எலும்புக்கூடு இதுதான். சாட்சிகள் இருவரும் உண்மையிலேயே தனித்தனி ஆட்களா என்பதில்தான் இந்தக் கணக்கின் உயிர் இருக்கிறது. ஒரே பழைய கட்டுரையைப் பார்த்து இருவரும் எழுதியிருந்தால் எட்டு என்பது வெறும் எண்.

இன்னொரு பொறியும் உண்டு. 2001-ல் வலையமைப்பு ஆய்வாளர் பராபாசியின் குழுவினர் ஈஸ்ட்டின் 1,870 புரதங்களையும் 2,240 இணைப்புகளையும் ஆராய்ந்தார்கள். ஐந்துக்கும் மேற்படாத இணைப்புள்ள புரதங்களில், நீக்கினால் செல் செத்துப்போகக்கூடியவை ஐந்தில் ஒன்றுதான். பதினைந்துக்கு மேல் இணைப்புள்ளவற்றிலோ நூற்றுக்கு 62. சந்தியில் நிற்பவை முக்கியமானவை என்று உலகமே பேசியது. உண்மை இருக்கலாம். ஆனால் ஏற்கெனவே முக்கியம் என்று தெரிந்த புரதத்தை ஆய்வாளர்கள் அதிகம் தோண்டுவார்கள், தோண்டத் தோண்ட இணைப்பு கிடைக்கும். நம் பிஃப்-80-க்கு மூன்று கோடு வந்தது அது சந்தி என்பதாலா, 2009 கட்டுரைக்குப் பிறகு பிரபலமாகிவிட்டதாலா? மூன்று கோட்டை வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஈஸ்ட்டுக்கும் மனிதனுக்கும் எழுதிய அட்டவணைகளிலேயே இந்தச் சாய்வு இருக்கிறது என்றால், சில ஆய்வகங்கள் மட்டுமே கை வைத்திருக்கும் முத்துச்சிப்பியில் இன்னும் அதிகம்.

எழுதாத வரிசைகள்

11 பொருளுக்கு எத்தனை ஜோடி சாத்தியம்? 55. நாம் எழுதியது ஏழு. மிச்சம் 48 ஜோடி என்ன? தரவுத்தளத்திடம் ‘எம்எஸ்ஐ-60 நாக்ரினைத் தொடுகிறதா’ என்று கேட்டால், வரிசை இல்லை என்று பதில் வரும். கேட்டவர் அதைத் தொடவில்லை என்று எடுத்துக்கொள்வார். வங்கிக் கணக்கில் வரிசை இல்லையென்றால் பணம் கட்டவில்லை என்றுதான் பொருள். அங்கே இது செல்லும். உயிரியலில் வரிசை இல்லாததற்கு மூன்று காரணம் இருக்கலாம்: தொடுவதில்லை, யாரும் சோதிக்கவில்லை, சோதித்தார்கள், ஆனால் இந்தப் புத்தகத்தில் ஏறவில்லை.

தொடவில்லை என்று காட்டிய சோதனையைப் பெரும்பாலும் யாரும் கட்டுரையாக்குவதில்லை. அதனால் அது அட்டவணைக்கும் வருவதில்லை. ஜெர்மனியின் மியூனிக்கில் 2010-ல் நெகட்டோம் என்று ஒரு தரவுத்தளம் தொடங்கினார்கள். அதில் இருப்பதெல்லாம் ஒன்றையொன்று தொடாத புரத ஜோடிகள். கணினிக்குக் கற்றுக்கொடுத்து இணைப்புகளை ஊகிக்கச் சொல்பவர்களுக்கு இது பொன் போல. ஆமாம் என்ற உதாரணத்தை மட்டும் காட்டி எதையும் கற்பிக்க முடியாதே.

சிப்பி ஆய்வில் இந்த வெற்றிடத்தை இப்போதைக்கு வேறு வழியில் நிரப்புகிறார்கள். ஈக்கும் ஈஸ்ட்டுக்கும் மனிதனுக்கும் தெரிந்த இணைப்பை எடுத்து, அந்தப் புரதங்களின் சாயல் கொண்டவை சிப்பியில் எவை என்று பார்த்து, இங்கேயும் தொடும் என்று ஊகமாக எழுதுவது. செல்லின் அன்றாட வேலைகளுக்கு இந்த இரவல் ஓரளவு சரிவரும். ஓடு கட்டும் புரதங்களுக்கு அவ்வளவாக வராது, ஏனென்றால் அவற்றில் பல, நத்தை, சிப்பி வகைகளுக்குள்ளேயே உருவானவை. ஈஸ்ட்டில் அவற்றுக்குச் சாயல் தேடினால் கிடைக்காது. ஒரு சிப்பியின் கணக்கைப் பக்கத்து வீட்டுச் சிப்பியிடம்தான் இரவல் வாங்க வேண்டியிருக்கிறது. 2012-ல் முத்துச்சிப்பியோடு பசிபிக் பெருங்கடலின் உணவுச் சிப்பிக்கும், 2023-ல் கேரளத்தார் கல்லுமக்காய் என்னும் பச்சைச் சிப்பிக்கும் மரபணுத் தொகை வந்தது. பச்சைச் சிப்பியுடையதைச் செய்தது வேப்பலோடை முத்தை எடுத்த அதே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம். அவை ஒவ்வொன்றுக்கும் பொருள் அட்டவணை பெரிதாகிக்கொண்டே போகிறது. தொடுதல் அட்டவணையை ஒவ்வொரு ஜோடியாகச் சோதனைக் குழாயில் வைத்துத்தான் எழுத வேண்டும், அதற்கு மரபணுவைப் படிக்கும் வேகம் இன்னும் வரவில்லை.